வராதவர்களின் கட்டு

சின்னவள் வென்றவற்றைச் சொல்லத் தொடங்கினால் முதலில் அவள் உயிரைத்தான் சொல்ல வேண்டும். பிறந்த வாரத்திலேயே மஞ்சள் காமாலை கண்டு, இந்தப் பிள்ளை தங்காது என்று மருத்துவமனையில் கைவிரித்த பிறகும் தங்கினாள். பத்தாம் வகுப்பில் பார்வை மங்கி, கரும்பலகை தெரியாமல், பக்கத்தில் இருந்தவளின் நோட்டைப் பார்த்து எழுதியே வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். கண்ணாடி அதற்கப்புறம்தான் வந்தது. அப்பா படுக்கையில் விழுந்த வருஷம், போதும் படித்தது என்று உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்து சொன்னபோது, காலையில் கல்லூரி, மாலையில் அக்காவின் தையல் கடையில் பட்டன் கட்டுவது என்று இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டாள். அரசுத் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறை, யாருடைய சிபாரிசும் இல்லாமல், வேலை வாங்கினாள். அந்தக் குடும்பத்தில் முதுகு சாயும் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பா செங்கல் சுமந்தவர், அம்மா மில்லில் நின்றவள், அக்கா தையல் இயந்திரத்தின் முன்னால் முக்காலியில் குனிந்தவள். சாய்ந்துகொள்ள இடமில்லாத பிழைப்பு எல்லாருக்கும்.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள். தங்கை முதல் நாள் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையை அவள்தான் தைத்தாள். கழுத்துப் பட்டையை மூன்று முறை பிரித்தாள். வெளியே யார் கண்ணுக்கும் தெரியாத உள்தையலைக்கூட மடித்து அடித்தாள். கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம், அளவு எடுக்கும்போதே, "என் தங்கச்சி வீட்டுவசதி வாரியத்துல இருக்கா" என்று சொல்லிவிடுவாள். இடுப்பளவு கொடுக்க வந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அதைக் கேட்க வேண்டியிருந்தது.

சின்னவள் சேர்ந்த இடம் வாரியத்தின் மாற்றல் பிரிவு. வாரியம் கட்டிய அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள், வயதாலோ நோயாலோ விபத்தாலோ படியேற முடியாமல் போனால், தரைத்தளத்தில் வீடு கேட்டு மனுப் போடலாம். கீழே ஒரு வீடு காலியாகும்போது, யாருக்கு அவசரம் என்று பார்த்து மாற்றிக் கொடுப்பது பிரிவின் வேலை. வாடகை அதேதான், வாரியத்துக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. கேட்பதற்கு நல்ல வேலை.

பிரிவு இருந்தது மூன்றாவது மாடியில். லிஃப்ட் உண்டு. அதற்குள் துடைப்பங்களும் கால் உடைந்த நாற்காலிகளும் நின்றன. படிக்கட்டுச் சுவரில் தோள் உயரத்துக்குக் கைகள் பட்டுப் பட்டு ஒரு கறுப்புக் கோடு ஓடியது. ஒவ்வொரு திருப்பத்திலும், மனிதர்கள் நின்று மூச்சு வாங்கிய இடத்தில், அது அகலமாகியிருந்தது.

முதல் வாரத்தில் அவள் மேசைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் கயிறு போட்ட பெரிய கட்டு ஒன்றைப் பார்த்து, அது என்ன என்று மூத்த எழுத்தரிடம் கேட்டாள். மூத்த எழுத்தர் ஒரு அம்மாள், நாற்பதைத் தாண்டியவர், எப்போதும் மேசை இழுப்பறைக்குள் வைத்துக் குறுக்கெழுத்துப் போடுகிறவர்.

"வராதவங்க," என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"மனு எல்லாம் வந்திருக்கே மேடம்?"

"மனு வந்திருக்கும்மா. ஆள் வரலையே."

அதுதான் அந்தப் பிரிவின் பழக்கம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. மனு போட்டவர் நேரில் வந்து நின்று கேட்கும்வரை கோப்பைத் தொடக் கூடாது. கேட்காத கோப்பைத் தொட்டால், ஏன் தொட்டாய் என்ற கேள்வி வரும்; தொடாமல் இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இதற்கு ஒரு கதையும் வைத்திருந்தார்கள். முன்பு ஓர் எழுத்தர், யாரும் கேட்காமலேயே, இருதய நோய்க்காரர் ஒருவருக்குக் கீழ்வீடு போட்டுக் கொடுத்தாராம். அவர் ஏன் இந்த ஆளைத் தேர்ந்தெடுத்தார், கைமாறியது என்ன என்று மொட்டைக் கடிதம் போயிற்று. விசாரணை வந்து ஒன்றும் நிரூபணமாகவில்லை. ஆனால் நிரூபணமாகாமல் போவதற்குள் அந்த மனிதருக்குத் தலை நரைத்துவிட்டது, பதவி உயர்வுகள் எல்லாம் தாண்டிப் போய்விட்டன. புதிதாக யார் சேர்ந்தாலும் மூத்த எழுத்தர் இதைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைச் சொல்லிக் கொடுப்பார்.

கோப்பு எடுத்துக் கொடுக்கும் அலுவலக உதவியாளர் அதையே வேறு மாதிரி சொல்வார். "ஏறி வந்தவங்களுக்குக் கால் இருக்கு, அவங்களுக்கு எதுக்கு மேடம் கீழ்வீடு? வராதவங்களுக்குத் தேவையே இல்ல, இருந்தா வந்திருக்க மாட்டாங்களா? ரெண்டு பக்கமும் அடைச்சாச்சு. காத்துகூடப் போகாது." பிரிவே சிரிக்கும். அது வேடிக்கைக்காகச் சொல்வது என்றுதான் சின்னவள் நினைத்தாள். பிறகு ஒரு நாள், வலது பக்கம் செயலிழந்த ஒரு கிழவர், மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு அரை நாள் ஏறி வந்து சேர்ந்தார். பிரிவின் தலைவரான கண்காணிப்பாளர் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, பரிவாக விசாரித்துவிட்டு, கோப்பில் எழுதினார்: மனுதாரர் மாடியேறி நேரில் வந்தார், நிலைமை அவசரமானதாகத் தெரியவில்லை.

முதல் வருஷம் அவள் அதற்கெல்லாம் அடங்கவில்லை. கட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு மனுவுக்கும் பதில் எழுதினாள். விடுமுறை நாட்களில் தானே குடியிருப்புகளுக்குப் போய், யார் உண்மையாகவே படுத்திருக்கிறார்கள் என்று பார்த்துக் குறிப்பு வைத்தாள். அலுவலகத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் விழுந்தது. காலையில் உள்ளே வரும்போது, "வழி விடுங்கப்பா, எக்ஸ்பிரஸ் வருது, அடிபட்டுச் சாகாதீங்க" என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். அவள் வைத்த குறிப்புகள் கண்காணிப்பாளர் மேசைக்குப் போய், ஓரத்தில் 'பேசவும்' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வரும். பேசப் போனால், "ஆள் வந்தாரா?" என்று கேட்பார். வரவில்லை என்பாள். "வரட்டும்" என்பார். அதற்குள் தேநீர் வந்துவிடும்.

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. ஒரு நாள் அவளை உட்கார வைத்து, மகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "நீ ஒரு வாரத்துல முடிக்கிறதை மத்தவங்க ஒரு மாசத்துல முடிக்கிறாங்க. நாளைக்கு மேலேருந்து, எல்லாரும் ஒரு வாரத்துல முடிங்கன்னு உத்தரவு வரும். அப்புறம் இவங்க முகத்துல நீ எப்படி முழிப்ப? சரி, உனக்குத்தான் அதனால என்ன வரும்? பதவி உயர்வு வரிசைப்படிதான். ஓடினாலும் அதே வருஷம், உக்காந்தாலும் அதே வருஷம்."

அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. அவள் வேலையை முடித்ததும் அடுத்த மேசைகளின் கோப்புகள் அவள் மேசைக்கு வந்தன. வருஷ முடிவில் எழுதப்படும் மதிப்பீட்டில் அவளுக்கும், நாள்பூராக் குறுக்கெழுத்துப் போட்டவருக்கும், மூன்று மாதம் விடுப்பில் இருந்தவருக்கும் ஒரே வாசகம்: பணி திருப்திகரம்.

எந்த நாளில் அவள் நின்றாள் என்று யாராலும் சொல்ல முடியாது. விடுமுறை நாட்களில் போவது முதலில் நின்றது. பிறகு பதில் கடிதங்கள் நின்றன. பிரித்த கட்டு திரும்பக் கட்டப்பட்டது. அவளே கட்டினாள், கயிற்றின் முடிச்சு மற்றவர்கள் போடுவதைவிட நன்றாக இருந்தது. எந்தத் தாளிலும் முழுப் பெயரைப் போடாமல், முதல் எழுத்தை மட்டும் சுழித்துவிட்டுத் தள்ளுவதற்குப் பழகினாள். அந்த அலுவலகத்தில் எல்லாருமே அப்படித்தான். வருகைப் பதிவேட்டிலும் சுழி, குறிப்பிலும் சுழி. சுழியை நாளைக்கு யாருடையது என்று கேட்டால், ஞாபகமில்லை என்று சொல்லலாம். முழுக் கையெழுத்து ஆணையில் மட்டும்தான், அது கண்காணிப்பாளர் பாடு. எக்ஸ்பிரஸ் என்ற பெயரும் மெல்ல வழக்கொழிந்தது. நின்றுபோன வண்டியை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

வீட்டுக்கு வந்தால் பெரியவள் சாப்பாடு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைக் கேட்பாள். முன்பெல்லாம் சின்னவள் மனுக்களைப் பற்றிச் சொல்வாள். பிற்பாடு, யாருக்கு மாற்றல் வந்தது, யார் வீட்டுக் கல்யாணத்தில் எத்தனை பேர் கோபித்துக்கொண்டார்கள் என்று சொன்னாள். பெரியவளுக்கு இரண்டும் அலுவலகத்துச் செய்திதான். ஆர்வமாகக் கேட்டாள்.

இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகு, ஒரு பிப்ரவரி மாதத்தில், கடைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். கையில் இரண்டு ஆண் கால்சட்டைகள். பக்கத்துத் தையலை மேலிருந்து கீழ்வரை பிரித்து நாடா வைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். அவள் கணவர் கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடிக்கும் பெயிண்டர். சாரம் சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுக்கையில் இருந்தார். படுத்திருப்பவருக்கு மாட்டிவிட அதுதான் வசதி.

பெரியவள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறார் என்று கேட்டாள். முடிச்சு அந்தப் பக்கம் வந்தால் உறுத்திப் புண்ணாகும். பேச்சு அப்படியே வளர்ந்தது. வாரியக் குடியிருப்பில் நான்காவது மாடியாம். மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். ஆள் சேராத மாதம் மருத்துவமனை இல்லை.

"கீழ்வீடு கேட்டு எழுதிப் போட வேண்டியதுதானே?" என்றாள் பெரியவள்.

"போட்டாச்சு டெய்லரக்கா. ஒரு தடவை அரை நாள் லீவு போட்டுட்டு நானே போயும் பாத்தேன். கடைசி மேசையில கண்ணாடி போட்ட பொண்ணு ஒண்ணு. மரியாதையாத்தான் பேசுச்சு, தப்பு சொல்லக் கூடாது. தலையைத் தூக்காமலே, 'அவரையே வரச் சொல்லுங்க'ன்னுச்சு. வந்துட்டேன்."

பெரியவள் சாக்கட்டியைக் கீழே வைத்தாள். அந்தக் கடையில் முதன்முறையாக, என் தங்கை அங்கேதான் இருக்கிறாள் என்று அவள் வாய் திறந்து சொல்லவில்லை.

அன்று மாலை சின்னவள் சாப்பிட உட்கார்ந்ததும் பெரியவள் கேட்டுவிட்டாள். யார் அந்தப் பெண், எப்போது வந்தாள் என்று சின்னவளுக்கு ஒன்றும் நினைவில்லை. நாள் முழுக்க வருகிறார்கள், எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா என்றாள்.

"என்னடி வேலை நடக்குது?" என்றாள் பெரியவள்.

சின்னவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பொய் சொல்லித் தப்பிக்க நினைத்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். உண்மையாகவே அவளுக்கு நினைவில்லை. அந்த வாக்கியத்தைத் தான் சொல்லியிருப்போம் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. தினமும் சொல்வதுதான். குரல்கூடக் காதில் கேட்டது. எதிரில் நின்ற முகம்தான் வரவில்லை.

தைத்த கால்சட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சின்னவளும் கூட வந்தாள். நாலு மாடி. பெயிண்டர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். ஒடுங்கிய முகம், பெரிய பெரிய கைகள். இவள் எந்த அலுவலகம் என்று தெரிந்ததும் மனைவிக்கு முகம் மாறியது. அவர் மட்டும் சிரித்தார்.

"ஆபீஸே மாடி ஏறி வந்திருக்கா? கீழ யாராச்சும் செத்துகித்துப் போயிட்டாங்களா?"

சின்னவள் என்ன சொல்வது என்று தெரியாமல், காற்று நன்றாக வருகிறது என்றாள். அவர் ஜன்னலைக் காட்டினார். எதிர்க் கட்டடத்தின் சுவர் பாளம் பாளமாக உரிந்து தொங்கியது.

"அது நான் அடிச்சது. அடிப்பூச்சு காயறதுக்குள்ள மேல்பூச்சு அடிக்கச் சொன்னான் மேஸ்திரி. வேண்டாம்னேன், கேக்கல. இப்பப் பாருங்க. காலைல கண்ணு முழிச்சா அதான். எனக்கு வெளிய போகணும், ஊர் சுத்தணும்னு ஆசையெல்லாம் விட்டுப் போச்சும்மா. கீழ இறக்கிவிட்டா இதைப் பாக்காமலாவது இருக்கலாம்."

புறப்படும்போது மனைவி வாசல்வரை வந்தாள். கோபமாக இல்லை, விவரம் தெரிந்துகொள்ளவே கேட்டாள். "உங்க ஆபீஸ் மூணாவது மாடிதானே? நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டு வந்தோம்னா, ஏறி வந்துட்டாருன்னு எழுதிடுவீங்களா?"



மறுநாள் சின்னவள் கட்டைப் பிரித்துப் பெயிண்டரின் கோப்பை எடுத்தாள். அந்தக் குடியிருப்பிலேயே ஒரு தரைத்தள வீடு காலியாகிப் பூட்டிக் கிடந்தது. மார்ச் மாதம் முடிவதற்குள் மாற்றல் பிரிவு அதற்கு ஆணை போடாவிட்டால், வீடு பொது ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். பிறகு அந்தக் கட்டடத்தில் தரைத்தளம் எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. நேரில் போய்ப் பார்த்ததை எழுதி, வீட்டை அவருக்குக் கொடுக்கலாம் என்று குறிப்பு வைத்தாள். 'பேசவும்' என்று திரும்பி வந்தது. போனாள்.

"ஆள் வந்தாரா?"

"நான் போயிட்டு வந்தேன் சார்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. போகிற நேரத்தில் எதற்கு வம்பு என்று, அடுத்த வாரமே மீதமிருந்த விடுப்பை மொத்தமாகப் போட்டுவிட்டு வீட்டோடு இருந்துகொண்டார். பொறுப்பு வரிசைப்படி மூத்த எழுத்தருக்கு வந்தது. அவர் முதுகுவலிச் சான்றிதழ் கொடுத்து, நாற்காலி மாற முடியாது என்று எழுதினார். அப்படி உருண்டு உருண்டு, கையெழுத்துப் போடும் அதிகாரம் சின்னவள் மடியில் வந்து விழுந்தது.

பொறுப்பு என்றால் அந்த அலுவலகத்தில் ஒரு வேலை உண்டு: எதிலும் கையெழுத்துப் போடாமல், நிரந்தர ஆள் வரும்வரை நாட்களைக் கடத்துவது. "நாற்காலி தூசி படியாம பாத்துக்குங்க மேடம், அது போதும்" என்றார் உதவியாளர். பதவி உயர்வுப் பட்டியல் மேலே தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அவள் பெயரும் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு மொட்டைக் கடிதம் போனால் பட்டியலில் பெயர் நிற்காது. எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, மூத்த எழுத்தர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெயிண்டரின் கோப்பு மேசைமேல் இருந்தது.

"ஒரு கதை சொல்லுவேனே, இருதய நோய்க்காரருக்கு வீடு போட்ட எழுத்தர். அது எங்க வீட்டுக்காரர்தான்."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

"அவரு இப்பவும் காலைல எழுந்ததும் தபால் வந்துச்சான்னு கேப்பாரு. விசாரணை முடிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு. சொன்னா புரியாது. நான் உன்னைப் போட வேண்டாம்னு சொல்லல. போட்டா என்ன ஆகும்னு எங்க வீட்டுல வந்து பாத்துட்டு அப்புறம் போடு."

சின்னவள் கோப்பை மூடி இழுப்பறையில் வைத்தாள். இரண்டு நாள் எடுக்கவில்லை.

வீட்டில் பெரியவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டியல், மொட்டைக் கடிதம், விசாரணை, தபாலுக்குக் காத்திருக்கும் மனிதர். பெரியவள் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் கையில் இருந்த துணியை மடித்து வைத்தாள். மடித்ததைப் பிரித்துத் திரும்ப மடித்தாள்.

"அப்படின்னா வேண்டாம். விட்டுடு," என்றாள்.

"நீதானே கேட்ட, என்ன வேலை நடக்குதுன்னு."

"கேட்டேன். இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியுமா? நீ அந்த நாற்காலிக்குப் போய்ச் சேரணும்னு எத்தனை வருஷம்டி. அப்பா இருந்திருந்தா..." மடித்த துணியை ஓரமாகத் தள்ளினாள். "ஊர்ல இருக்கற கஷ்டமெல்லாம் நீதான் தீக்கணுமா?"

"ஊர்க் கஷ்டம் இல்லக்கா. அவங்க வந்து நின்னப்ப நான் தலையைத் தூக்கல. அது ஒண்ணுதான்."

"அதுக்கு இவ்வளவு விலையா?"

"தெரியல."

பெரியவள் தங்கைக்குத் தைரியம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அன்று அவள் கேட்டதெல்லாம், தங்கை பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். பிறந்த வாரத்திலிருந்து அவள் வேண்டிக்கொண்டதும் அதுவே.

கையெழுத்துக்குப் பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் வைத்தால் அது மட்டும்தான் மனதில் நிற்கும். பெயிண்டரை நாலு பேர் நாற்காலியோடு இறக்கிக் கீழ்வீட்டில் விட்டார்கள். அந்த வீட்டு ஜன்னல் சைக்கிள் நிறுத்தும் இடத்தைப் பார்த்தது. இரண்டே வாரத்தில் மொட்டைக் கடிதம் போயிற்று. பயனடைந்தவரின் மனைவி அதிகாரியின் அக்கா கடையில் துணி தைக்கக் கொடுப்பவர், அதிகாரியே அவர்கள் வீட்டுக்குப் போய்வந்திருக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. இரண்டும் உண்மை. விளக்கம் கேட்டார்கள், எழுதினாள். மறுபடி கேட்டார்கள், மறுபடி எழுதினாள். பட்டியலில் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அவள் பெயர் இல்லை. நிலவறையில் இருக்கும் பழைய ஆவண அறைக்கு மாற்றினார்கள். புதிதாக வந்த கண்காணிப்பாளர், இனி இப்படி நேராமல் இருக்க, பிரிவின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை மாட்டினார்: நேரில் வராதவர்களின் மனுக்கள் பரிசீலிக்கப்பட மாட்டாது. அதுவரை வாய்வார்த்தையாக இருந்தது, அவளால் எழுத்தாகிவிட்டது. அந்தக் கட்டுக்குள் இருந்த மற்ற யாருக்கும் வீடு கிடைக்கவில்லை. பெரியவள் கடையில் தங்கையைப் பற்றிப் பேசுவது குறைந்துவிட்டது, பெருமை குறைந்ததால் அல்ல. யார் எதை எங்கே எழுதிப் போடுவார்கள் என்ற பயத்தால்.

கைவிட்டுப் போனவற்றைச் சின்னவள் எண்ணி வைத்திருக்கிறாள் என்றாலும், கையெழுத்துப் போட்ட அந்த ஒரு நாளைத்தான் முதலில் சொல்வாள். அது சாதாரண வேலை நாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, தாள்கள்மேல் எல்லாரும் கையில் கிடைத்ததை எடுத்து வைத்திருந்தார்கள். சின்னவள் கண்காணிப்பாளரின் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்து, ஆணையைத் தானே எழுதினாள். தட்டச்சுக்குக் கொடுத்தால் அது மூன்று மேசை தாண்டிப் போய், மூன்று நாள் கழித்துத் திரும்பும். வீட்டு எண், மனுதாரர் பெயர், நேரில் சென்று பார்த்த நாள், காரணம். எழுதி முடித்ததும், முத்திரை எங்கே என்று பொதுவாகக் கேட்டாள்.

உதவியாளர், தேநீர் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். முத்திரை மூத்த எழுத்தரின் இழுப்பறையில் இருந்தது. அவர் குறுக்கெழுத்தைத் தள்ளிவிட்டு, முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து, எழுந்து வந்து அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தார். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"சுழி போட்டு விட்டுடேன்," என்றார், வெளியே பார்த்தபடியே. "யாருதுன்னு தெரியாது."

"சுழி போட்டா சாவி கொடுக்க மாட்டாங்க மேடம்."

"கொடுக்க மாட்டாங்கதான்."

சின்னவள் பேனாவைத் திறந்தாள். அப்பாவின் முதலெழுத்தைப் போட்டு, புள்ளி வைத்து, தன் பெயரைக் கடைசி எழுத்துவரை, யார் படித்தாலும் புரியும்படி எழுதினாள். சுழிக்குப் பழகிய பிறகு அந்த அலுவலகத்துத் தாளில் அவள் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டது அதுதான் முதல் தடவை. பிறகு கீழே தேதியைப் போட்டாள்: 2015ஆம் வருஷம், மார்ச் மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை.